64 கட்டத்தை வெட்டி ஒட்டினால் 65 வருகிறது, பையனுக்கு என்ன பதில் சொல்ல?

கட்டநோட்டு

என் பையன் ஏழாவது படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து ஒரு வித்தை செய்து காட்டினான். கட்டம் ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர். எட்டுக்கு எட்டு சதுரம், ஆக 64 கட்டம்.

அதை முதலில் 5க்கு 8, 3க்கு 8 என்று இரண்டு பட்டையாக வெட்டினான். 3க்கு 8 பட்டையை மூலைக்கு மூலை வெட்டியதும் இரண்டு முக்கோணம். 5க்கு 8 பட்டையில் மேல் ஓரத்தில் 3 கட்டம் தள்ளி ஒரு புள்ளி, கீழ் ஓரத்தில் 5 கட்டம் தள்ளி ஒரு புள்ளி, இரண்டையும் சேர்த்துச் சாய்வாக ஒரு வெட்டு. இரண்டு சரிவகம். நான்கு துண்டையும் மாற்றி அடுக்கினான். 13க்கு 5 செவ்வகம்! 65 கட்டம்.

வெட்டியதில் தப்பு என்றேன். மூன்று முறை புதுத் தாளில் வெட்டினான், மூன்று முறையும் 65. கடைசியில் "வெட்டினா பரப்பளவு மாறாதுன்னு யாருப்பா சொன்னா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஒரு ரூபாய் டேலி ஆகாவிட்டால் வீட்டுக்குக் கிளம்ப மாட்டேன். இந்த ஒரு கட்டம் எங்கிருந்து வந்தது என்று யாராவது சொல்லுங்கள்.

ராத்திரிவண்டி

அந்தத் தம்பியை அனுப்பி வையுங்கள் அண்ணே. எனக்குச் சொந்த ஊரில் அரை கிரவுண்டு இருக்கிறது, கொஞ்சம் வெட்டி ஒட்டித் தரட்டும்.

பழைய சாக்பீஸ்

முப்பது வருஷம் வகுப்பில் இதைச் செய்து காட்டியவன் நான். பையனிடம் விடையைச் சொல்லிவிடாதீர்கள், அவனையே கண்டுபிடிக்க விடுங்கள். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

செவ்வகத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஓடும் கோட்டைப் பாருங்கள். அது ஒரே கோடு என்று கண் எடுத்துக்கொள்கிறது. பாதிக் கோடு முக்கோணத்தின் ஓரம், மீதி சரிவகத்தின் ஓரம். முக்கோணத்தில் 8 கட்டம் போனால் 3 கட்டம் ஏறுகிறோம். சரிவகத்தில் 5 போனால் 2 ஏறுகிறோம். மூன்றை எட்டால் வகுத்தால் 0.375. இரண்டை ஐந்தால் வகுத்தால் 0.4. ஏற்றம் ஒன்றல்ல. கோணமாகச் சொன்னால் ஒன்று 20.6 பாகை, மற்றது 21.8.

ஆக அங்கே இருப்பது கோடே இல்லை. வெள்ளரிப் பிஞ்சு போல இரண்டு முனையும் கூர்ந்த, நீளமான, ஒல்லியான ஓர் இணைகரம். அதன் பரப்பு சரியாக ஒரு கட்டம். உங்கள் 65-ஆவது கட்டம் அதுதான். கிட்டத்தட்ட 14 சென்டிமீட்டர் நீளத்துக்கு இழுபட்டுக் கிடப்பதால் எந்த இடத்திலும் அதன் அகலம் 1.2 மில்லிமீட்டரைத் தாண்டாது. பென்சில் கோடே அரை மில்லிமீட்டர் தடிமன். பையனின் கத்தரிக்கோல் கொஞ்சம் நடுங்கினாலும் போதும், ஒளிந்துகொள்ளும்.

முதல்பெஞ்ச்

பையன் கேட்ட கேள்வியை அவ்வளவு லேசாகத் தள்ள முடியாது. வெட்டி ஒட்டினால் அளவு மாறும் என்று பானாக், டார்ஸ்கி என்ற இருவர் 1924-இலேயே நிரூபித்திருக்கிறார்கள். ஒரு பந்தை ஒரு சில துண்டுகளாக்கி, திருப்பி அடுக்கி, அதே அளவில் இரண்டு பந்து செய்யலாம். பொய் நிரூபணம் இல்லை, நிஜமான தேற்றம்.

பழைய சாக்பீஸ்

தம்பி, தேற்றம் சரி, இடம்தான் தப்பு. அந்தத் துண்டுகளைக் கத்தரிக்கோலால் வெட்ட முடியாது. கன அளவு என்ற ஒன்றையே சொல்ல முடியாதபடி தூளிலும் தூளாகச் சிதறிய புள்ளிக் கூட்டங்கள் அவை. அதுவும் முப்பரிமாணத்தில்தான் நடக்கும். தாள் மாதிரித் தட்டையான பரப்பில் அந்த வேலை பலிக்காது என்பதையும் பானாக்கே காட்டியிருக்கிறார். ஏழாவது படிக்கிற பையனுக்கு இதைச் சொன்னால் நாளைக்கு அவன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நிற்பான்.

இழைப்புளி

சார் சொன்னதை மரத்தில் செய்து பார்த்தால் ஒளிவு மறைவே இருக்காது. பட்டறையில் எட்டுக்கு நான்கு பிளைவுட்டில் மிச்சம் கிடந்தது. கட்டத்துக்கு 4 அங்குலம் என்று வைத்து, 32 அங்குலச் சதுரம் எடுத்து, இன்றைக்கு மத்தியானம் அறுத்தேன். ரம்பம் ஓடுகிற இடத்தில் மூன்று மில்லி மரத்தூளாகப் போய்விடும். அதனால் கோட்டுக்கு வெளியே அறுத்து, இழைத்து அளவுக்குக் கொண்டுவந்தேன். ஒரே பலகையில் நான்கும் வராது, இரண்டு பலகையிலிருந்து எடுத்தேன்.

52க்கு 20 சட்டம் ஒன்று அடித்து அதற்குள் நான்கையும் போட்டேன். மூலைகள் கச்சிதமாக உட்கார்ந்தன. நடுவில் அரை அங்குலம் வாய் பிளந்து நிற்கிறது. என் சுண்டு விரல் நுனி உள்ளே போனது. நோட்டுத் தாளில் தெரியாத திருட்டு பலகையில் அப்பட்டமாகத் தெரிகிறது.

தச்சு வேலையில் இந்த மாதிரிச் சிரிப்பு தினமும் உண்டு. நான்கு மூலையும் சேர்ந்துவிட்டது என்றால் வேலை தெரியாதவன் சரி என்பான். வேலை தெரிந்தவன் நடுவில்தான் பார்ப்பான்.

கட்டநோட்டு

சாக்பீஸ் சார், இழைப்புளி அண்ணன், இரண்டு பேருக்கும் நன்றி. பையனிடம் விடையைச் சொல்லவில்லை. "8 போனா எவ்வளவு ஏறுது, 5 போனா எவ்வளவு ஏறுது, எழுதிக் காட்டு" என்று மட்டும் சொன்னேன். எழுதினான். 0.375, 0.4 என்று வந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அடுக்கி வைத்த தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினான். வெளிச்சம் ஒரு கோடாகக் கீறிக்கொண்டு வந்தது.

ஆனால் இப்போது வேறு சண்டை. கணக்கு புரிந்துவிட்டதாம். "இருந்தாலும் பாக்கும்போது நேர்கோடாத்தான்பா தெரியுது" என்கிறான். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

நெய்தல்

அதுதான் எனக்கு இதில் பிடித்த இடம். கணக்கில் ஒளிந்த பொய்யை ஒரு தடவை பிடித்துவிட்டால் அது திரும்பி வராது. இரண்டு பக்கத்தையும் சுழியால் வகுத்து 1 = 2 என்று காட்டும் பழைய வித்தை இருக்கிறதே, ஒருமுறை அந்த வரியைக் கண்டுபிடித்த பிறகு யாராலும் உங்களை ஏமாற்ற முடியாது. கண் அப்படி இல்லை. பொய் என்று தெரிந்த பிறகும் அதே பொய்யைத்தான் காட்டும்.

1995-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் அடெல்சன் போட்ட சதுரங்கப் பலகைப் படம் பலர் பார்த்திருப்பீர்கள். பச்சை உருளை ஒன்று பலகைமேல் நிழல் போடும். வெளிச்சத்தில் ஒரு கறுப்புக் கட்டம், நிழலில் ஒரு வெள்ளைக் கட்டம். இரண்டும் அச்சில் ஒரே சாம்பல் நிறம். நான் நம்பாமல் அச்செடுத்து, ஒரு அட்டையில் இரண்டு ஓட்டை போட்டு மேலே வைத்துப் பார்த்தேன். ஒரே நிறம்தான். அட்டையை எடுத்தேன், உடனே ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. இருபது தடவை வைத்து எடுத்திருப்பேன். இருபது தடவையும் கண் வெட்கமே இல்லாமல் பழைய கதையைத்தான் சொன்னது.

இதைக் கண்ணின் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெயிலில் கிடக்கும் அடுப்புக்கரியிலிருந்து வருகிற வெளிச்சம், ராத்திரி கூடத்தில் மாட்டியிருக்கும் வெள்ளை வேட்டியிலிருந்து வருவதைவிட அதிகம். இருந்தும் கரி கறுப்பு, வேட்டி வெள்ளை என்றுதான் பார்க்கிறோம். நிழலைக் கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தைச் சொல்வதுதான் கண்ணுக்கு வேலை. அடெல்சன் அந்த நல்ல பழக்கத்தையே பொறியாக வைத்துவிட்டார்.

இழைப்புளி

தங்கச்சி சொன்னதற்கு என்னிடம் காசு நஷ்டப்பட்ட சாட்சி இருக்கிறது.

ஒரு கடைக்கு மர வேலை எடுத்திருந்தேன். பின்சுவரில் டைல்ஸ் ஒட்டும் வேலையும் என் பொறுப்பிலேயே வந்தது. கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி, ஒவ்வொரு வரிசையும் மேல் வரிசையிலிருந்து பாதிக் கல் தள்ளி. இடையில் சாம்பல் நிறத்தில் பூச்சு. முடித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி வந்து பார்த்தால் வரிசை எல்லாம் ஆப்பு வைத்தது மாதிரி ஒரு பக்கம் அகண்டு ஒரு பக்கம் குறுகி நிற்கிறது. கொத்தனாரைத் திட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் ரசமட்டத்தை எடுத்து ஒவ்வொரு வரிசையிலும் வைத்தார். குமிழி நட்ட நடுவில். நூல் பிடித்தார். நூல் கோட்டோடு ஒட்டிக்கொண்டு போகிறது.

கடைக்காரர் வந்தார். ரசமட்டத்தைக் காட்டினேன், நூலைக் காட்டினேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். "மட்டம் சரிதாங்க, ஆனா வர்ற கஸ்டமர் ரசமட்டத்தோட வரமாட்டான்ல" என்றார். பிரித்து ஒட்டினோம்.

நெய்தல்

அண்ணே, உங்கள் சுவருக்கு ஊர் உலகத்தில் பெயர் இருக்கிறது! இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் செயின்ட் மைக்கேல்ஸ் ஹில் அடிவாரத்தில் ஒரு காபிக் கடையின் வெளிச்சுவர் இதே மாதிரி இருந்தது. கண்பார்வையை ஆராய்ந்த ரிச்சர்ட் கிரிகரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவர் கண்ணில் பட்டது. கிரிகரியும் பிரிசில்லா ஹெர்டும் 1979-இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். அதிலிருந்து 'கஃபே சுவர்' என்றே பெயர்.

உங்கள் சாம்பல் பூச்சுதான் வினை. பூச்சின் நிறம் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருக்கும்போதுதான் சாய்வு பலமாகத் தெரியும். கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் எதிரெதிரே வருகிற இடத்தில் அந்தச் சாம்பல் இழையைக் கண் சின்னச் சின்ன ஆப்பாக வாசிக்கிறது. எல்லா ஆப்பும் ஒரே பக்கம் சாய்வதால் வரிசை முழுக்கச் சாய்ந்துவிடுகிறது. கல்லைப் பாதி தள்ளாமல் நேருக்கு நேர் அடுக்கியிருந்தால் பிரச்சினையே வந்திருக்காது.

இழைப்புளி

இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் இரண்டு நாள் கூலி மிச்சம்.

பழைய சாக்பீஸ்

நெய்தல் சொன்னதில் ஒரு சின்ன மறுப்பு. கணக்குப் பொய் ஒருமுறை பிடிபட்டால் திரும்பி வராது என்றீர்களே, எனக்கு வருகிறது. வடிவியலில் ஒன்று இருக்கிறது. எல்லா முக்கோணமும் இருசமபக்க முக்கோணமே என்று 'நிரூபிக்கும்' வித்தை. 1892-இல் ரௌஸ் பால் தன் கணக்கு விளையாட்டுப் புத்தகத்தில் போட்டது.

ஏபிசி என்று ஒரு முக்கோணம் போடுங்கள். ஏ முனையின் கோணத்தைச் சரிபாதியாக்கும் கோடு ஒன்று. பிசி பக்கத்தின் நடுவில் செங்குத்தாக எழும் கோடு ஒன்று. இரண்டும் ஓ என்ற புள்ளியில் சந்திக்கின்றன. ஓ-விலிருந்து ஏபி-க்கு ஒரு செங்குத்து, அடி ஈ. ஏசி-க்கு ஒரு செங்குத்து, அடி எஃப். கோண இருசமவெட்டி என்பதால் ஏஈ = ஏஎஃப், ஓஈ = ஓஎஃப். நடுக்குத்துக்கோடு என்பதால் ஓபி = ஓசி. அதனால் ஈபி = எஃப்சி. கூட்டினால் ஏபி = ஏசி. முடிந்தது.

ஒவ்வொரு வரியும் சரி. கடைசியில் உள்ள "கூட்டினால்" மட்டும் தப்பு.

படத்தைக் கையால் போடும்போது ஓ முக்கோணத்துக்கு உள்ளே விழுவதாகப் போட்டுவிடுகிறோம். நிஜத்தில் அது வெளியே, முக்கோணத்தின் மூன்று முனை வழியே போகும் வட்டத்தின்மேல் விழுகிறது. செங்குத்தின் அடிகளில் ஒன்று பக்கத்துக்கு உள்ளேயும், மற்றது பக்கத்தை நீட்டிய இடத்தில் வெளியேயும் விழும். ஏபி 8, ஏசி 6 என்று வையுங்கள். ஏஈ-யும் ஏஎஃப்-பும் 7. ஈபி-யும் எஃப்சி-யும் 1. ஏபி என்பது 7 + 1. ஏசி என்பது 7 − 1. ஒரு பக்கம் கூட்ட வேண்டும், மறுபக்கம் கழிக்க வேண்டும். அவ்வளவுதான் திருட்டு.

இதை நூறு தடவையாவது கரும்பலகையில் போட்டிருப்பேன். இன்றைக்கும் சாக்பீஸை எடுத்தால் என் கை ஓ-வை உள்ளேதான் கொண்டுபோய் வைக்கிறது. ஸ்கேல், காம்பஸ் வைத்துப் போட்டால்தான் வெளியே ஓடுகிறது. ஆக பொய் வரியில் இல்லை, படத்தில் இருக்கிறது. உங்கள் பையன் வெட்டிய தாளும் இதே ஜாதி.

முதல்பெஞ்ச்

அப்படியானால் சார், படம் முழுக்கச் சரியாக இருந்தும் விடை தப்பாக வருகிற ஒன்றைக் கேட்கிறேன். எனக்கே இன்னும் முழுசாகத் தெளியவில்லை. பக்கம் 1 உள்ள சதுரம். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஓரமாகப் போனால் தூரம் 2. ஒரு படி வைத்துப் போனாலும் 2. நான்கு படி, நூறு படி, லட்சம் படி, எல்லாம் 2. படி பொடிசாகப் பொடிசாக மூலைவிட்டத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மூலைவிட்டத்தின் நீளம் 1.414. இடைவெளிதான் சுழியை நோக்கிப் போகிறதே, நீளம் ஏன் போகவில்லை?

ராத்திரிவண்டி

இதற்கு நான் பதில் சொல்கிறேன், பதினெட்டு வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறேன். தெருவெல்லாம் கட்டம் போட்ட மாதிரி இருக்கிற நகரில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சவாரி. குறுக்குச் சந்து குறுக்குச் சந்தாகப் புகுந்து போனால் கிட்டப் போகிற மாதிரி சவாரிக்குத் தோன்றும். மீட்டரில் ஒரு பைசா குறையாது. கிழக்கே போக வேண்டியது எவ்வளவோ அவ்வளவு, வடக்கே எவ்வளவோ அவ்வளவு. வண்டி ஒரு நொடிகூட மூலைவாட்டத்தில் ஓடவே இல்லையே!

பழைய சாக்பீஸ்

இதைவிட நன்றாக நான் சொல்லிவிட முடியாது. ஒட்டிக்கொண்டு போனால் மட்டும் போதாது, போகும் திசையும் ஒத்துவர வேண்டும். படிக்கட்டு எவ்வளவு பொடிசானாலும் திசை கிழக்கு, இல்லாவிட்டால் வடக்கு. ஆர்க்கிமிடீஸ் வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் 96 பக்கப் பலகோணம் போட்டு, பை 22/7-க்குக் கீழே, 223/71-க்கு மேலே என்று பிடித்தாரே, அங்கே பக்கங்கள் சிறுக்கச் சிறுக்க அவற்றின் திசையும் வட்டத்தின் திசையை நெருங்குகிறது. அதனால் பலித்தது. வட்டத்தைச் சுற்றிப் படிக்கட்டு கட்டியிருந்தால் அவருக்குப் பை 4 என்று வந்திருக்கும்.

நெய்தல்

சார், முக்கோண மறுப்பை ஒத்துக்கொள்கிறேன். அதைப் படித்ததும் மணிமேகலை ஞாபகம் வந்தது. 27-ஆம் காதையில் அளவைவாதி என்னும் தருக்கக்காரர், அறிவு எப்படியெல்லாம் பிசகும் என்று எட்டு வகை சொல்வார். கிளிஞ்சலை வெள்ளி என்று எடுத்துக்கொள்வது 'திரியக் கோடல்'. தூரத்தில் நிற்பது கட்டையா ஆளா என்று தடுமாறுவது 'ஐயம்'. போய்ப் பார்க்காமலே ஆள்தான் என்று முடிவுகட்டுவது 'தேராது தெளிதல்'.

என் கணக்கில் அடெல்சன் படமும் டைல்ஸ் சுவரும் திரியக் கோடல். ஓ உள்ளேதான் விழும் என்று கை போடுவது தேராது தெளிதல். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

தாராசுரம் போகிறவர்கள் ஐராவதேசுவரர் கோயிலில் ரிஷப குஞ்சரத்தைத் தேடிப் பாருங்கள். யானையும் காளையும் ஒரே தலையில். ஒரு உடலைக் கையால் மறைத்தால் யானை, மற்றதை மறைத்தால் காளை. மறைக்காமல் பார்த்தால் இரண்டும் மாறி மாறி வரும், ஒரே நேரத்தில் இரண்டாக வராது. தலைப்புக்குக் கொஞ்சம் வெளியேதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரிவண்டி

பதினேழு யானைக் கதையையும் இங்கேயே தீர்த்துவிடலாமா? மூத்தவனுக்குப் பாதி, நடுவனுக்கு மூன்றில் ஒன்று, கடைக்குட்டிக்கு ஒன்பதில் ஒன்று. பெரியவர் ஒருவர் தன் யானையைச் சேர்த்து 18 ஆக்கி 9, 6, 2 என்று பிரித்துவிட்டு, தன் யானைமேலேயே ஏறிப் போய்விடுவார். சின்ன வயதில் கேட்டதிலிருந்து அவர் ஏதோ மோசடி செய்துவிட்டார் என்றே எனக்குச் சந்தேகம்.

கட்டநோட்டு

இது என் துறை, நான் சொல்கிறேன். மோசடி பெரியவர் செய்யவில்லை, உயில் எழுதின அப்பா செய்தது. பாதி, மூன்றில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, மூன்றையும் கூட்டிப் பாருங்கள். பதினெட்டில் பதினேழுதான் வரும். சொத்தில் பதினெட்டில் ஒரு பங்கு யாருக்கும் எழுதப்படவே இல்லை. அந்த மிச்சத்தைத்தான் மூன்று பேருக்கும் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தார் பெரியவர். மூத்தவனுக்கு எட்டரை வர வேண்டிய இடத்தில் ஒன்பது. தனக்குக் கூடுதல் வந்தால் எவன் வழக்குப் போடுவான்?

எங்கள் ஆபீசில் இதற்கு 'ரவுண்டிங்' என்று பெயர்.

பழைய சாக்பீஸ்

இரண்டும் ஒரே கதை என்பதைக் கவனித்தீர்களா? அங்கே ஒரு கட்டம் கோடு நெடுகப் பரவிக் கிடந்தது, இங்கே பதினெட்டில் ஒரு பங்கு மூன்று பேரிடம் பரவிக் கிடக்கிறது.

பையனுக்கு அடுத்த வேலை. 3, 5, 8, 13, 21, 34 என்று முந்தைய இரண்டைக் கூட்டிக் கூட்டி வருகிற ஃபிபனாச்சி வரிசையில் அடுத்தடுத்த மூன்று எண்களை எடுக்கச் சொல்லுங்கள். நடு எண்ணின் வர்க்கத்துக்கும் ஓர எண்களின் பெருக்கலுக்கும் எப்போதும் ஒன்றுதான் வித்தியாசம். ஒருமுறை கூடும், அடுத்த முறை குறையும். 1680-இலேயே வானியலாளர் காசினி இதைக் கண்டுபிடித்துவிட்டார். 5க்கு 5 சதுரத்தில் 25 கட்டம், மாற்றி அடுக்கினால் 3க்கு 8, அதாவது 24. அங்கே ஒரு கட்டம் காணாமல் போகும். எங்கே போயிற்று என்று கேளுங்கள்.

கட்டநோட்டு

செய்தான் சார். 5க்கு 5 வெட்டி அடுக்கியதும் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. ஸ்கேலை வைத்து அளந்து "ரெண்டு மில்லிமீட்டர் மேல ஏறுதுப்பா, அதான் ஒரு கட்டம் தொலைஞ்சிடுச்சு" என்றான். அப்புறம் அவனாகவே அட்டவணை போட்டான். பக்கம் 5 என்றால் ஒரு கட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஏறுகிறது, 8 என்றால் எட்டில் ஒரு பங்கு இடைவெளி, 13 என்றால் பதின்மூன்றில் ஒரு பங்கு ஏறுகிறது, 21 என்றால் இருபத்தொன்றில் ஒரு பங்கு இடைவெளி. செங்குத்தாக அளந்தால் அப்படியே வருகிறது. 21க்கு 21 செய்தால் 441 கட்டம் 442 ஆகும், நடுவில் வாய் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

அவனுக்கு உண்மை முழுக்கத் தெரிந்துவிட்டது என்று நிம்மதியாகத்தான் இருந்தேன். நேற்று ராத்திரி பார்த்தால் சார்ட் பேப்பரில் 21க்கு 21 வெட்டிக்கொண்டிருக்கிறான். ஓரங்களில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் தடிமனாகக் கோடு இழுக்கிறான். கோடு எதற்குடா இவ்வளவு தடிமன் என்றேன்.

"தீபாவளிக்கு மாமா வர்றார்ல? அவர் இன்ஜினியர்ப்பா, மெல்லிசா போட்டா கண்டுபிடிச்சிடுவார்."